நகத்தளவு மூளை

நம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் இயந்திரங்கள் பலவற்றுக்குள் நகத்தளவேயான சில்லு ஒன்று ஒளிந்திருக்கிறது. அதுவே மைக்ரோகன்ட்ரோலர். நாம் எழுதித் தரும் கட்டளையை நினைவிற்கொண்டு, வெப்பம் கூடினால் விசிறியைச் சுழற்றும். இருட்டினால் விளக்கை ஏற்றும்.

தனிச் சில்லைக் கையாளுதல் மாணவியர்க்குக் கடினம். ஆகவே 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் அதைப் பலகையில் பொருத்தி, ஆர்டுயினோ எனப் பெயரிட்டனர். வரைபடத்தையும் மென்பொருளையும் மறைக்காது வழங்கினர். அதனாலன்றோ அது பள்ளிகளை எட்டியது!

நம் நாட்டிலும் திருவனந்தபுரம் சி-டாக் நிறுவனம், தானே வடிவமைத்த தேஜஸ்32 சில்லைக் கொண்டு ஏரீஸ் பலகையை உருவாக்கியுள்ளது. ஆர்டுயினோ மென்பொருளிலேயே அதற்கும் கட்டளை எழுதலாம். முன்பு பயின்றது வீணாகாது.

பலகை செய்வது பாதி வேலை. பயில்வோர்க்கு வழிகாட்டுவது மறுபாதி. தோழியரே, நாம் கற்பதைத் தமிழில் எழுதி இளைய வகுப்பினர்க்குக் கொடுப்போமாக!