நல்லது கெட்டதற்கு வந்து நிற்பவர்

கிராஞ்சி, சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் கிடைத்தது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் கேம் வடிவமைப்பு படிக்கிறீர்கள், கிராஞ்சி தங்குவிடுதிகளில் இருக்கும் நம் தொழிலாளர்களுக்காகத் தமிழில் ஒரு கைப்பேசி கேம் செய்யப் போகிறீர்கள் என்று படித்தபோது மனம் நிறைந்தது. கடிதத்தின் முடிவில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். மைக்ரோசாஃப்டிடம் இல்லாத பணமா, இல்லாத ஆளா? இருந்தும் அதன் எக்ஸ்பாக்ஸ் கேம் பெட்டி ஏன் ஜப்பானில் எடுபடவில்லை? ஜப்பானியர்களின் நாட்டுப்பற்றுதானே காரணம்?

நாட்டுப்பற்று என்ற பதில் எனக்குச் சரியாகப் படவில்லை. ஜப்பானியர் பையில் இருக்கும் ஸ்மார்ட்போன்களில் ஏறக்குறைய பாதி, அமெரிக்க நிறுவனத்தின் ஐபோன்தான். மைன்கிராஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 முதல் அது மைக்ரோசாஃப்டின் சொத்து. ஜப்பானியப் பிள்ளைகள் அதை உயிராக விளையாடுகிறார்கள், ஆனால் ஜப்பானின் நின்டெண்டோ சுவிட்ச் பெட்டியில். ஆக, அந்த நிறுவனத்தின் விளையாட்டு வீட்டுக்குள் போய்விட்டது. அதன் பெட்டிக்குத்தான் இடம் கிடைக்கவில்லை.

வெளியிலிருந்து வந்தது என்பதற்காக எந்த விளையாட்டும் ஒட்டாமல் போவதில்லை. அதற்கு எங்கள் கிராஞ்சியே சாட்சி. 1840களில் ஆங்கிலேயர் இந்தத் தீவில் தொடங்கிய குதிரைப் பந்தயம் 180 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. கூட்டம் ஆண்டுக்காண்டு குறைந்தது, நிலமும் வீடுகளுக்குத் தேவைப்பட்டது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி இங்கே கடைசிப் பந்தயம் ஓடியது. வெறிச்சோடிக் கிடக்கும் அந்தத் திடலைக் கடக்கும்போதெல்லாம், பந்தயத்தை அத்தனை காலம் தாங்கி நின்றவர்கள் வாரந்தவறாமல் வந்த மனிதர்கள்தான் என்று தோன்றும்.

இனி எக்ஸ்பாக்ஸ் கதைக்கு வருவோம். 2002 பிப்ரவரி 22. தோக்கியோவின் ஷிபுயாவில் பில் கேட்ஸே வந்து நின்று முதல் பெட்டியை விற்றார். விலை 34,800 யென். அதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2000 மார்ச்சில், ஜப்பானிய நிறுவனமான சோனியின் பிளேஸ்டேஷன் 2 வந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸோ ஏறக்குறைய நான்கு கிலோ எடை. ஜப்பானியச் சிறுவீட்டில் தொலைக்காட்சிக்குக் கீழே அதை வைக்க இடம் தேட வேண்டும். வந்த வேகத்திலேயே டிஸ்க்குகளில் வட்டமாகக் கீறல் விழுகிறது என்று புகார்கள் கிளம்பின. விளையாட்டுக்குப் பாதிப்பில்லை என்று முதலில் சொன்ன நிறுவனம், பிறகுதான் இலவசமாகச் சரிசெய்து தர முன்வந்தது. பொருளைக் கண்ணும் கருத்துமாக வைத்திருக்கும் மக்களிடம், முதல் வாரத்தில் விழுந்த கீறல் எளிதில் மறைந்துவிடாது. மே மாதத்திலேயே விலை 10,000 யென் இறங்கியது. விலை இறங்கினாலும் மனம் இறங்கவில்லை.

அதே நேரத்தில் அவர்கள் ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். அமெரிக்காவில் விற்ற கண்ட்ரோலர் கைக்கு அடங்காத அளவுக்குப் பெரிது. ஜப்பானியக் கைகளுக்கென்று சிறிதாக ஒன்றை உருவாக்கி, அதற்கு 'அகேபோனோ' என்று உள்பெயர் வைத்தார்கள். அகேபோனோ ஒரு சுமோ வீரரின் பெயர். ஹவாயில் பிறந்தவர். 1988இல் ஜப்பானுக்கு வந்து, பயிற்சிக்கூடத்தில் கடைநிலைச் சீடராகச் சேர்ந்து, மொழி கற்று, 1993இல் சுமோவின் உச்சப் பட்டமான யோகோசுனாவை எட்டினார். அந்தப் பட்டம் பெற்ற முதல் வெளிநாட்டுக்காரர் அவர்தான். பிறகு ஜப்பானியக் குடியுரிமையும் பெற்றார். அந்தச் சிறிய கண்ட்ரோலர் பின்னர் அமெரிக்கர்களுக்கும் பிடித்துப்போய், எக்ஸ்பாக்ஸோடு எல்லா நாடுகளுக்கும் போனது. ஒரு ஊர்க்காரரின் கையைக் கூர்ந்து பார்த்துச் செய்தது உலகத்துக்கே வசதியாக அமைந்ததை, வடிவமைப்பு படிக்கும் நீங்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்த எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் கதவு உண்மையாகவே திறந்தது. ஃபைனல் ஃபேண்டசி விளையாட்டுத் தொடரை உருவாக்கிய ஹிரொனொபு சகாகுச்சியை நாடிப் போனார்கள். அவர் கதை எழுத, டிராகன் பால் சித்திரக்கதையைப் படைத்த அகிரா தொரியாமா பாத்திரங்களை வரைய, நொபுவோ உயெமாட்சு இசையமைக்க, 2006 டிசம்பரில் 'புளூ டிராகன்' விளையாட்டு வந்தது. அந்த மண்ணின் கைகள் சமைத்த விருந்து அது. சாப்பிட ஆள் வந்தார்கள். 2008 ஆகஸ்ட்டில் 'டேல்ஸ் ஆஃப் வெஸ்பீரியா' விளையாட்டு வெளியானபோது கடைகளில் எக்ஸ்பாக்ஸ் தீர்ந்தே போனது. சரக்கு இல்லாததற்கு நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அந்தத் தலைமுறையில் ஜப்பானில் விற்றது ஏறக்குறைய 1.6 மில்லியன். பிளேஸ்டேஷன் 2 தொட்ட 20 மில்லியனுக்குப் பக்கத்தில் இது சிறிய எண்தான். ஆனால் முதல் எக்ஸ்பாக்ஸ் அரை மில்லியனைக்கூட எட்டவில்லை என்பதை நினைத்தால், மூன்று மடங்குக்கும் மேலான வளர்ச்சி.

அங்கிருந்துதான் தொடர்ந்து நடந்திருக்க வேண்டும். ஆனால் 2013 நவம்பரில் அடுத்த பெட்டியான எக்ஸ்பாக்ஸ் ஒன் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளியானபோது ஜப்பானைக் காத்திருக்கச் சொன்னார்கள். அங்கே அது வந்து சேர்ந்தது 2014 செப்டம்பர் 4இல். ஏறக்குறைய பத்து மாதங்கள்! வெறும் கையோடு இருந்த ரசிகர் என்ன நினைத்திருப்பார்? அந்தப் பெட்டி தன் வாழ்நாள் முழுவதிலும் ஜப்பானில் விற்றது ஒரு லட்சத்துச் சொச்சம்.

நம் குடும்பங்களில் சொல்வார்கள்: சீர்வரிசை தூக்கிக்கொண்டு வருபவர் எல்லாம் உறவாகிவிட முடியாது, நல்லது கெட்டதற்கு வந்து நிற்பவர்தான் உறவு. எக்ஸ்பாக்ஸ் சீர்வரிசையோடு வந்தது. பெரிய பெயர்கள், பெரிய பணம், பெரிய விழா. ஆனால் கீறல் விழுந்த நாளிலும், கடையில் சரக்கு தீர்ந்த நாளிலும், புதுப் பெட்டி வெளியான நாளிலும் பக்கத்தில் நிற்கத் தவறியது. கஷ்டம் அங்கேதான் என்று நான் நினைக்கிறேன்.

இது வெளியாருக்கு மட்டுமான பாடம் அல்ல. ஜப்பானில் வட்டம் என்றால் சரி, பெருக்கல் குறி என்றால் தவறு. பள்ளித் தாளில் தொடங்கிய பழக்கம். பிளேஸ்டேஷனிலும் கால் நூற்றாண்டாக வட்டப் பொத்தானை அழுத்தித்தான் அங்கே 'சரி' சொன்னார்கள். 2020இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது, உலகம் முழுவதும் ஒரே முறை வேண்டும் என்று சோனி அதைப் பெருக்கல் குறிக்கு மாற்றிவிட்டது. சோனியின் விளையாட்டுப் பிரிவு அதற்கு முன்பே, 2016இல், தலைமையகத்தைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோயிருந்தது. வீட்டுப் பிள்ளையே ஆனாலும் தூரத்தில் இருந்தால் வீட்டுப் பழக்கம் மறந்துபோகும்.

தம்பி, இப்போது உங்கள் விளையாட்டுக்கு வருகிறேன். தமிழில் இருக்கிறது என்பதற்காகவே நம் ஆட்கள் விளையாடிவிடுவார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். மொழி, நுழைவதற்கான வாசல் மட்டுமே. ஞாயிற்றுக்கிழமை கிராஞ்சிக்கு வாருங்கள். கணினியை எடுத்து வர வேண்டாம். துணி துவைத்துக் காயப்போட்டு, ஊருக்குப் பேசி முடித்து, அடுக்குக் கட்டிலில் சாய்ந்தபடி அவர்கள் கைப்பேசியைப் பிடிப்பதைப் பாருங்கள். வாரம் முழுக்கக் கம்பி வளைத்த கட்டைவிரலுக்கு உங்கள் பொத்தான் போதுமான அளவா? வீட்டுப் படங்களும் காணொளிகளும் நிறைந்த கைப்பேசியில் உங்கள் விளையாட்டுக்கு இடம் இருக்குமா? பாதியில் வேன் வந்துவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா?

கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். செய்ததைக் கொண்டுவந்து அவர்கள் கையில் கொடுங்கள். குறை சொன்னால் அடுத்த ஞாயிறு திருத்திக்கொண்டு வாருங்கள். மதிப்பெண் வந்த பிறகும் வாருங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மிக முக்கியம். அன்று அவர்கள் உங்களுக்குக் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.

அன்புடன்,
உங்கள் கிராஞ்சி அண்ணன்