சங்கத்தின் சேவையும் ஊர்த் திருவிழாவும்

காஞ்சிபுரத்தாருக்குத் திருவிழா நடத்தக் கற்பிக்க எவரும் துணியமாட்டார். மாசியில் காமாக்ஷி அம்மன் கோயில் பிரம்மோற்சவம், பங்குனியில் ஏகாம்பரநாதர் திருக்கல்யாணம், வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை என்று வருஷம் முழுதும் உற்சவம் நிகழும் நகரம் இது. வாகனம் எந்தத் தெருவில் எப்பொழுது திரும்பும் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆயினும் 1904ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், இந்தியாவிலேயே நகரவாசிகளுக்கென ஏற்பட்ட முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் இதே ஊரில்தான் பதிவாயிற்று என்பதை அறிந்தவர் சிலரே. கூட்டுறவுச் சட்டம் பிறந்து அப்பொழுது ஒரு வருஷங்கூட நிறையவில்லை. கோயில் உற்சவங்களுக்கு நாள் பார்த்துக் கொடியேற்றும் ஊர், இந்த நிகழ்ச்சியை மறந்துவிட்டது.

இது பெருமையைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. சங்கத்தின் சேவை ஓசையின்றி நடப்பது. ஒருவர் முன்பணக் கடனிலிருந்து மீள்கிறார்; மற்றொருவரின் மகள் தறியடியை விட்டுப் பள்ளிக்குப் போகிறாள்; நோயுற்ற அங்கத்தினருக்குச் சேமிப்புத் திட்டத்திலிருந்து உதவி கிடைக்கிறது. இவை யாவும் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாக முடிந்துவிடுகின்றன. தெருவார் கண்ணில் படுவதோ தீபாவளித் தள்ளுபடி விளம்பரம் ஒன்றே. அதனால் சங்கமென்பது புடவை விற்கும் கடை என்றே பலரும் எண்ணுகின்றனர். தறி வைத்திருப்பவர் உதவி இருப்பதை அறியாமல் தனியாரிடம் மறுபடியும் முன்பணம் வாங்குகிறார். சேவை அறியப்படாவிடில் அது தேவைப்படுவோரைச் சென்று சேராது. விழா எடுப்பதற்கு இதுவே தக்க காரணம்.

விழாவினால் மட்டும் காரியம் ஆகிவிடும் என்று நம்புவோர் குர்கான் ஜில்லாவின் கதையை அறிதல் நலம். பஞ்சாபைச் சேர்ந்த அந்த ஜில்லாவில் 1920 முதல் ஏழெட்டு வருஷம் அதிகாரியாக இருந்த பிரேன் துரை, எருக்குழி வெட்டுதல், வீட்டுக்குச் சாளரம் வைத்தல் முதலியவற்றைப் பாட்டாலும் நாடகத்தாலும் பொருட்காட்சியாலும் பரப்பினார். அவர் புகழ் எங்கும் பரவியது. அவர் மாற்றலாகிச் சென்றபின் அச்சீர்திருத்தங்களிற் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. அதிகாரி நடத்திய விழா அதிகாரியோடு போயிற்று. அக்காலத்திலேயே திருவிதாங்கூரைச் சேர்ந்த மார்த்தாண்டத்தில் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்பவர் நடத்திய கிறிஸ்தவ வாலிபர் சங்க நிலையத்திலும் பொருட்காட்சியும் நாடகமும் உண்டு. ஆனால் அங்கே காட்சியைக் கண்டவர் மறுநாளே தேனீ வளர்க்கக் கற்று, தேனைக் கூட்டாக விற்க வழி இருந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கிய மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர் பெற்று விளங்குகிறது.

ஆதலின் விழாவுக்கு நாள் குறிப்பதற்கு முன், விழாவைக் காண வருபவர் மறுநாள் என் செய்யவேண்டும் என்பதைச் சங்கத்தார் முடிவு செய்துகொள்ள வேண்டும். அங்கத்தினராகச் சேர்வதா, சேமிப்புக் கணக்குத் தொடங்குவதா, போலிப் பட்டை இனங்கண்டு ஒதுக்குவதா? ஒரு விழாவுக்கு ஒன்று போதும்.

இனி நாளைப் பற்றி. கூட்டுறவாளருக்கென்று ஜூலை முதல் சனிக்கிழமையும், நவம்பர் 14 முதல் 20 வரை ஒரு வாரமும் உள்ளன. 1905ஆம் வருஷம் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கிய ஆகஸ்டு 7ஆம் தேதி, 2015 முதல் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடப்படுகிறது. அதன் முதல் விழா சென்னையிலேயே நடந்தது. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து நன்கு நடத்தலாம். எனினும் காஞ்சிபுரம் போன்ற ஊரில், புதிதாகக் கூட்டம் சேர்ப்பதைவிடக் கூட்டம் சேருமிடத்திற்குச் சங்கம் செல்வதே எளிது. கருட சேவையன்று பெருமாள் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம் வரை எழுந்தருளும் வீதிகளில் ஒரு பந்தலிட்டால் ஆயிரக்கணக்கானோர் காண்பர். 2019ஆம் வருஷம் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள் அத்திவரதர் காட்சி தந்தபோது ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வந்ததாகக் கணக்கிடப்பட்டது. நெரிசலில் உயிரிழப்பும் நேர்ந்தது. அத்தகைய நாட்களில் தண்ணீர் தருவதும், மயங்கியவரை நிழலில் கிடத்தி மருத்துவரிடம் சேர்ப்பதும், காணாமற்போன குழந்தையைத் தாயிடம் ஒப்படைப்பதுமே சங்கத்தைப் பற்றிய முதற் பிரசாரம். தாகந் தீர்ந்த பின்னரே பந்தலில் என்ன எழுதியிருக்கிறதென்று மனிதன் நிமிர்ந்து பார்ப்பான். போலீசாருக்கும் கோயில் நிர்வாகத்தாருக்கும் முன்னரே தெரிவித்து, வழியை அடைக்காத இடத்தில் பந்தலிடுதல் அவசியம்.

பந்தலில் வைக்கத்தக்கது ஒரு தறி. படத்தைவிடத் தறி பேசும். கரை ஒரு நிறமும் உடல் வேறு நிறமுமாக இணையும் கோர்வைப் புடவைக்கு மூன்று ஓடங்கள் வேண்டும்; நெய்பவரோடு மற்றொருவரும் துணையிருக்க வேண்டும். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டின் சிறப்பு இவ்வுழைப்பிலுள்ளது. ஜரிகை இழையைச் சுரண்டினால் உள்ளே சிவந்த பட்டு நூல் தெரிவதையும், பட்டு நூலைக் கொளுத்தினால் மயிர் கருகும் நாற்றம் எழுவதையும் வருபவர் கையாலேயே செய்து பார்க்கச் செய்க. அருகே ஒரு பலகையில், ஒரு புடவையின் விலையில் பட்டுக்கு எவ்வளவு, ஜரிகைக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, சங்கச் செலவு எவ்வளவு என்று எழுதி வைத்தல் வேண்டும். இதை எழுதக் கூசும் சங்கம் விழாவை ஒத்திவைத்துக் கணக்கைச் சீர்செய்துகொள்வது உத்தமம்.

மேற்சொன்ன துணையாள் நெடுங்காலம் பெரும்பாலும் சிறு பிள்ளையாகவே இருந்தான் என்பதை மறைத்தல் கூடாது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தறியடியில் அமர்ந்தனர். 1986ஆம் வருஷத்துச் சட்டத்திற்குப் பின்னும் அது தொடர்ந்தமையால், 2003இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் பட்டுத் தொழிலைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பாடுபட்டவர்களின் தொண்டு, இந்நகரத்துச் சமூக சேவைகளுள் தலையாயது. அதை விழாவில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மீட்கப்பட்ட பிள்ளையை மேடையேற்றி அதன் கதையைச் சொல்லவைப்பது தகாது. உதவி பெற்றவரைக் காட்சிப்பொருளாக்கினால், உதவி வேண்டிய அடுத்த குடும்பம் சங்க வாயிலை மிதிக்க அஞ்சும். உழைத்தவரைக் காட்டுக, உதவி பெற்றவரின் பெயரை விடுக.

மேடை மரியாதையும் அளவோடு இருத்தல் நன்று. தலைவர், முன்னிலை, வாழ்த்துரை என்று பத்துப் பேர் பேசி முடிப்பதற்குள் நெசவாளர் எழுந்து வீடு போய்விடுவார். பட்டு நெய்யும் ஊரில் பொன்னாடைக்குக் குறைவில்லை. தார் சுற்றும் கிழவிக்கும் பாவு நீட்டும் தொழிலாளிக்கும் அது போர்த்தப்பட்டு யாம் கண்டது அரிது. அவர்களுள் இருவரை அழைத்து, அவர்களைக் கொண்டே தறியைத் தொடங்கச் செய்தால், தெரு முழுதும் திரண்டு வரும்.

சுற்றுக் கிராமங்களின் கடன் சங்கத்தாரும் பால் சங்கத்தாரும் தத்தம் தொழிலுக்கேற்ப இதை மாற்றிக்கொள்ளலாம். அங்கே தறிக்குப் பதிலாகப் பால் அளக்கும் கருவியும், விதை நெல்லும், ஏரி மராமத்துக் கணக்கும் பந்தலில் இருக்கும்.

செலவுக்குப் பொதுச்சபையின் அனுமதி பெறுதல் வேண்டும். கடன் கொடுக்க வேண்டிய பணத்திலிருந்து பந்தலுக்கு எடுக்கலாகாது. இயன்றவர் கீற்றும் பானையும் உழைப்பும் தந்தால் ரொக்கச் செலவு சுருங்கும். பந்தல் பிரித்த ஒரு வாரத்திற்குள் வரவு செலவைச் சங்க வாசலில் ஒட்டுக. விழாவில் பெயர் கொடுத்துச் சென்றவர்களின் வீடுகளைத் தெருவுக்கு ஒருவராக நிர்வாக சபையார் பிரித்துக்கொண்டு நேரிற் சென்று பார்த்து, எத்தனை பேர் சேர்ந்தனர், சேராதவர் கூறிய காரணம் யாது என்பதை அடுத்த மாதக் கூட்டத்தில் எழுத்து மூலம் வைக்க வேண்டும்.