சங்கத்துல சேரலாமா? அக்கா சொல்றேன், கேளு

தங்கச்சி, வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாள்ல ஒருத்தர் சங்கத்துல சேரச் சொல்லி ஃபாரம் நீட்டுவாங்க. இன்னொருத்தர், "வம்பு வேணாம், இருக்கிற வேலையும் போயிடும்"னு காதைக் கடிப்பாங்க. நான் சொல்றது இதுதான்: சேரு. ஆனா விசாரிச்சுச் சேரு. சேர்ந்துட்டுச் சும்மா இருக்காதே.

1. மெமோ வந்தா தெரியும் அருமை
பாத்ரூம் போய்ட்டு வர லேட்டாச்சுன்னு மெமோ கொடுப்பாங்க. தனியா நிக்கிற பொண்ணு பயந்துபோய், அவங்க சொல்லச் சொல்ல மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துடுவா. நாளைக்கு அதுவே அவளுக்கு எதிரான சாட்சி. சங்கத்துல விவரம் தெரிஞ்சவங்க பக்கத்துல உக்காந்தா, தேதி போட்டு நடந்ததை மட்டும் எழுத வெச்சு, நகல்ல கையெழுத்தும் வாங்க வைப்பாங்க.

2. திண்டுக்கல்லைப் பாரு
2021 ஜனவரியில, திண்டுக்கல் பக்கத்து ஆயத்த ஆடை ஆலையில வேலை பார்த்த ஒரு இளம்பெண் கொலையானா. பெண்கள் தலைமையில நடக்கிற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாம போராடிச்சு. 2022 ஏப்ரல்ல அந்த ஆலையோட தாய் நிறுவனமான ஈஸ்ட்மேனும், அவங்ககிட்ட துணி வாங்கின ஹெச் அண்ட் எம்மும் சங்கத்தோட ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. லைன்ல தைக்கிற தொழிலாளர்களே பயிற்சி எடுத்து, அத்துமீறலைக் கவனிச்சுப் புகார் சொல்ல அதுல வழி செஞ்சாங்க. தனி ஆளா யாராலயும் இதை வாங்கியிருக்க முடியாது.

3. ஃபாரத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி
* பதிவு எண் கேளு.
* சந்தாவுக்கு ரசீது கேளு. ரசீது தராதவங்ககிட்ட பணம் தராதே.
* கணக்குப் புத்தகத்தைப் பார்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. கேட்டா முகம் சுளிக்கிறாங்களான்னு பாரு.
* கட்சி நிதி தனி. அதுக்குக் கொடுத்தே ஆகணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது.
* கடைசியா தேர்தல் எப்ப நடந்துச்சு, கமிட்டியில எத்தனை பெண்கள்னு விசாரி.

4. பயம் நியாயம்தான்
சங்கத்துல சேர்ந்ததுக்காக வேலையை விட்டுத் தூக்குறது சட்டப்படி தப்பு. ஆனாலும் ஷிப்டை மாத்துவாங்க, வேற செக்‌ஷனுக்கு அனுப்புவாங்க. கான்ட்ராக்ட்ல இருக்கிறவங்களுக்கும் சேர உரிமை இருக்கு. ஆபத்தும் அவங்களுக்குத்தான் அதிகம். அதனால சம்பளச் சீட்டு, ஐ.டி. கார்டு, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எல்லாத்தையும் நகல் எடுத்து வீட்டுல வை. யார், எந்தத் தேதியில, என்ன சொன்னாங்கன்னு நோட்டுல குறிச்சு வை.

5. ஒப்பந்தம் எந்த வகை?
லேபர் ஆபீசர் முன்னாடி சமரசத்துல போடுறது, பழைய தொழில் தகராறு சட்டப் பிரிவை வெச்சு நாம 12(3)ன்னு சொல்லிப் பழகின ஒப்பந்தம். அது உறுப்பினர் அல்லாதவங்களுக்கும் சேர்த்துத்தான். நிர்வாகமும் சங்கமும் வெளியில பேசிப் போடுறது, அதே மாதிரி 18(1)ன்னு சொல்லிப் பழகின ஒப்பந்தம். அது கையெழுத்துப் போட்ட தரப்பை மட்டும்தான் கட்டுப்படுத்தும். "எல்லாருக்கும் கிடைக்கிறது எனக்கும் கிடைக்கும்"னு ஒதுங்கி இருக்கிறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும்.

6. கூட்டத்துக்குப் போ
சந்தா கட்டினதோட வேலை முடிஞ்சுடலை. கழிப்பறை, குழந்தைகள் காப்பகம், ராத்திரி ஷிப்டுக்கு வேன் இதெல்லாம் கோரிக்கைப் பட்டியல்ல கடைசிக்குப் போறது, கேட்க வேண்டிய பெண்கள் கூட்டத்துல இல்லாததாலதான். அடுத்த பொதுக்குழுவுக்கு லைன்ல இருக்கிற நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போ. எழுந்து நின்னு பேசு. அடுத்த தேர்தல்ல கமிட்டிக்கு உன் பேரையும் கொடு.