மருந்துக்கும் கணக்கு உண்டு

நம் விடுதியில் காய்ச்சல் கண்டால் வைத்தியரைத் தேடிப் போகிறவர் மிகச் சிலரே. மருந்துக் கடையில் அஜித்ரோமைசின் ஒரு பட்டை வாங்கி, இரண்டு மாத்திரை விழுங்கி, மூன்றாவதை மேசை அறையில் போட்டுவிடுவது வழக்கம். சென்ற குளிர்காலத்தில் சளிக்காக நானும் அதையே செய்தேன். அதுவும் நுண்ணுயிரியல் மாணவனாக இருந்துகொண்டே! ஆகையால் இதை உபதேசம் என்று எண்ணிவிடாதீர்கள்.

சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. அஜித்ரோமைசின் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் உடம்பில் சும்மா குடியிருந்த பாக்டீரியாக்களில் வலுவற்றவற்றைக் கொன்று, மருந்துக்கு அஞ்சாதவை பெருக இடம் செய்து கொடுக்கும். 1945-இல் நோபெல் பரிசு பெற்றபோதே, பெனிசிலினைக் குறைந்த அளவில் கண்டபடி உபயோகித்தால் இக்கேடு விளையும் என்று பிளெமிங் எச்சரித்தார்.

இதைத் தடுக்க மருத்துவமனைகளுக்கு இப்போது விதிகள் உள்ளன. அமெரிக்காவில் 'ஜாயிண்ட் கமிஷன்' அங்கீகாரம் வேண்டும் மருத்துவமனைகள், 2017 ஜனவரி முதல், ஆன்டிபயாடிக் உபயோகத்தைக் கண்காணிக்கும் ஏற்பாட்டை நடத்தியே தீரவேண்டும். நம் நாட்டில், இந்தியத் தரக் குழுவைச் சேர்ந்த தேசிய அங்கீகார வாரியமும் இம்மருந்துகளுக்கு எழுத்து மூலமான கொள்கை கேட்கிறது.

அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. நோயாளியின் இரத்தத்தையோ சிறுநீரையோ எடுத்த பிறகே, அனுமானமாக ஒரு மருந்தைத் தொடங்குகிறார்கள். அதில் வளர்ந்த கிருமியை அகார்த் தட்டில் பரப்பி, மருந்து தோய்ந்த காகித வில்லைகளை வைத்து, 35 டிகிரி சூட்டில் ஓர் இரவு காக்கிறோம். மறுநாள் சில வில்லைகளைச் சுற்றித் தெளிந்த வட்டம் தெரியும். அம்மருந்துகளுக்குக் கிருமி பணிந்தது என்று பொருள். வட்டமே இல்லாத வில்லையைப் பார்க்கும்போது மனம் துணுக்குறும். இரண்டு மூன்று நாட்களில் இவ்விடை வந்ததும், வைத்தியர் மருந்தை மாற்றலாமா, நிறுத்தலாமா என்று மறுபடி யோசிக்க வேண்டும். முடிவைப் பார்க்க யாரும் வராவிட்டால் கொள்கை வெறும் காகிதமே.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இம்மருந்துகளை மூன்றாகப் பிரித்தது: தாராளமாகத் தரத்தக்கவை, விழிப்போடு தரவேண்டியவை, கடைசி ஆயுதமாகக் காக்கவேண்டியவை. நான் சளிக்கு விழுங்கியது இரண்டாம் வகை!

அங்கீகார விதிகள் மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகின்றன. வெளியே, வைத்தியர் சீட்டின்றி இம்மருந்தை விற்கலாகாது என்ற சட்டம் இருக்கத்தான் செய்கிறது. கடைக்காரர் சீட்டுக் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.