எத்தனால் ஊற்றினால் பவர் எகிறுமா?



"மச்சி, டர்போ கார்ல எத்தனால் ஊத்தினா பவர் எகிறுமாம்டா!" ஹாஸ்டலில் வண்டிப் பேச்சு எடுத்தால் இந்த வசனம் வராமல் இருக்காது. எகிறும் என்பது உண்மைதான். ஆனால் வெறுமனே ஊற்றினால் பவர் எகிறாது, பிஸ்டன்தான் போகும். ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். கால்குலேட்டரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நிஜ உதாரணம். ஸ்வீடன் நாட்டு சாப் நிறுவனம் 2005-இல் 9-5 பயோபவர் என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2 லிட்டர் டர்போ இன்ஜின். பெட்ரோலில் 150 குதிரைத்திறன், இ85-இல் 180. இ85 என்றால் 85 பங்கு எத்தனால், 15 பங்கு பெட்ரோல். ஒரே இன்ஜினில் 30 குதிரைத்திறன் கூடியது எப்படி?

எரிபொருளில் சக்தி அதிகமா? இல்லவே இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் வெப்பசக்தி உண்டு. எத்தனாலில் சுமார் 21 தான்! அப்படியானால் பவர் குறைய வேண்டாமா? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

எத்தனால் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு வெளிக்காற்று குறைவாகப் போதும். 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ, இ85-க்கு சுமார் 9.8 கிலோ. அதாவது அதே காற்றில் அதிக எரிபொருளை எரிக்கலாம். இரண்டையும் கூட்டிக் கழித்தால், அதே காற்றுக்குக் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ சமம்தான்.

லாபம் வருவது நாக்கிங்கில். டர்போ காற்றை அழுத்தும்போது காற்று சூடாகிறது. அளவுக்கு மீறினால் சிலிண்டரில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்து 'டக் டக்' என்று அடிக்கும். அதைத் தவிர்க்க பெட்ரோலில் பூஸ்ட்டைக் குறைக்கிறோம், இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுகிறோம். இ85-இன் ஆக்டேன் எண் 100-க்கும் மேல். அதோடு, ஆவியாகும்போது 1 கிலோ பெட்ரோல் சுமார் 350 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது என்றால், எத்தனால் சுமார் 900. உள்ளே போகும் காற்றுக்கு அதுவே ஏ.சி. போட்ட மாதிரி! ஆகவே பூஸ்ட்டையும் ஏற்றலாம், டைமிங்கையும் முன்னால் கொண்டுவரலாம். சாப் காரின் கம்ப்யூட்டர் செய்ததும் இதுதான். கூடுதல் பவர் எத்தனாலில் இருந்து நேராக வருவதில்லை. நாம் ஏற்றும் பூஸ்ட்டிலும் டைமிங்கிலும் இருந்து வருகிறது. எத்தனால் அதைத் தாங்கிக் கொள்கிறது.

கணக்கு

நான்கு சிலிண்டர் டர்போ இன்ஜின் ஒன்று முழு பூஸ்ட்டில் நிமிடத்துக்கு 12 கிலோ காற்றை இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழு லோடில் கலவை ரிச்சாக இருக்க வேண்டும். லாம்டா 0.8 என்று கொள்வோம்.

பெட்ரோல்: 14.7 × 0.8 = 11.76. தேவை 12 ÷ 11.76 = 1.02 கிலோ. அடர்த்தி 0.745 என்றால் 1.37 லிட்டர். இன்ஜெக்டர் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 342 சி.சி. இன்ஜெக்டர் 85 சதவீத நேரமே திறந்திருக்கலாம் என்பதால் 400 சி.சி. இன்ஜெக்டர் போதும்.

இ85: 9.8 × 0.8 = 7.84. தேவை 1.53 கிலோ. அடர்த்தி 0.785 என்றால் 1.95 லிட்டர். இன்ஜெக்டர் ஒன்றுக்கு 487 சி.சி. 85 சதவீதக் கணக்கில் சுமார் 575 சி.சி. இன்ஜெக்டர் வேண்டும்!

ஆக, கொள்ளளவில் சுமார் 42 சதவீதம் கூடுதல். இதைச் செய்யாமல் பழைய மேப்பிலேயே இ85 ஊற்றினால்? அதே 1.37 லிட்டர்தான் போகும். அதன் எடை 1.075 கிலோ. 12-ஐ இதால் வகுத்தால் 11.16, அதை 9.8-ஆல் வகுத்தால் லாம்டா 1.14. இருக்க வேண்டியது 0.8. முழு பூஸ்ட்டில் இப்படி லீனாக ஓடினால் இன்ஜின் கதை முடிந்தது.

இதில் இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் பார்த்துக் கொஞ்சம் ஈடுகட்டும், வண்டி நன்றாகவே ஓடும். ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது பல இ.சி.யு.-க்கள் அந்த சென்சார் சொல்வதைக் கேட்பதில்லை. ஆபத்து அங்கேதான்.

இன்பிளான்ட் ட்ரெய்னிங் போன பட்டறையில் மூன்றாம் சிலிண்டர் பிஸ்டன் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். மேலே ஓட்டை, ஓரம் மெழுகு மாதிரி வழிந்திருந்தது. அது பெட்ரோல் வண்டிதான். ஒரே ஒரு இன்ஜெக்டர் அடைத்திருந்தது. "லீன்னா என்னன்னு புக்ல படிச்சீங்கல்ல தம்பி, இதான்" என்றார் மெக்கானிக் அண்ணன். அந்த கனம் இன்னும் கையில் இருக்கிறது.

மாற்ற வேண்டியவை

1. இன்ஜெக்டர், பம்ப் இரண்டும். பம்ப்பின் அளவை முழு பூஸ்ட் பிரஷரில் பார்க்க வேண்டும்.

2. எரிபொருள் ஹோஸ், ஓ-ரிங், சீல். சாதாரண ரப்பர் ஊறிப்போகும். டெஃப்லான் ஹோஸ், எத்தனால் தாங்கும் விட்டான் வகை சீல் நல்லது. சாப் நிறுவனம் வால்வு, வால்வு சீட், டேங்க், பம்ப், லைன் எல்லாவற்றையும் இதற்கென்றே மாற்றியது.

3. ஃபில்டர். பழைய டேங்க்கில் படிந்த அழுக்கை எத்தனால் கரைத்துக் கொண்டுவரும். முதல் சில டேங்க்குக்குப் பிறகு மாற்றிவிடுங்கள். அடைத்த இன்ஜெக்டர் என்ன செய்யும் என்று மேலே பார்த்தோமே!

4. எத்தனால் சென்சார். ஸ்வீடனில் குளிர்காலத்தில் ஸ்டார்ட் ஆவதற்காக இ85 என்று விற்பதிலேயே எத்தனால் சுமார் 75 சதவீதம்தான் இருக்கும். இ85 மேப்பில் பெட்ரோல் போட்டால் நாக்கிங் வந்து அதுவும் இன்ஜினைக் கொல்லும். பரவலாகப் பயன்படும் சென்சார் ஒன்று 0 சதவீதத்துக்கு 50 ஹெர்ட்ஸ், 100 சதவீதத்துக்கு 150 ஹெர்ட்ஸ் சிக்னல் தரும். 125 ஹெர்ட்ஸ் வந்தால் எத்தனால் எவ்வளவு? இ.சி.இ. நண்பர்கள் சொல்லட்டும்.

5. கடைசியாக, டைனோவில் வைத்து மேப். மீட்டரை லாம்டாவில் படியுங்கள். எந்த எரிபொருளானாலும் 0.8 என்றால் 0.8 தான்.

நம்மூர் பங்க்குகளில் இப்போது வருவது இ20. அது வேறு, இ85 வேறு. வண்டியை வேறு எரிபொருளுக்கு மாற்றுவதென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

அடுத்த முறை ஹாஸ்டலில் யாராவது "ஊத்துடா மச்சி" என்றால், "இன்ஜெக்டர் எத்தனை சி.சி.?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கேனை மூடி வைத்துவிடுங்கள்.



– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்