துள்ளும் பின்சக்கரம்

கரும்பலகையில் சாக்கட்டியை நிமிர்த்திப் பிடித்து முன்னோக்கித் தள்ளினால் கோடு விழாது. புள்ளி புள்ளியாகவே விழும். சாக்கட்டி பற்றுவதும் நழுவுவதுமாகத் தத்திச் செல்வதே காரணம். (இதைச் செய்து வகுப்பில் திட்டு வாங்கியோரும் நம்மில் உண்டு!)

சரக்கில்லாத பிக்கப் வண்டி ஈரச்சாலையில் விரைந்து கிளம்பும்போது பின்சக்கரங்களும் இவ்வாறே துள்ளுகின்றன. எஞ்சினின் பாரம் முன்னே, பின்தட்டோ காலி. ஆனால் பாரக்குறைவு மட்டுமே காரணமன்று. பின்னச்சு, ஸ்பிரிங் பட்டைகளின் நடுவே கட்டப்பட்டிருக்கிறது. சக்கரம் முன்னோக்கிச் சுழல, அச்சின் கூடு எதிர்ப்புறம் திரும்ப முயல்கிறது. அதனால் பட்டை 'எஸ்' எழுத்தைப்போல் வளைகிறது. பிளாஸ்டிக் அடிக்கோலின் இரு முனைகளையும் தோழி பிடித்திருக்க, நடுவில் முறுக்கினால் இவ்வளைவைக் காணலாம். முறுக்கம் மிகுந்ததும் டயர் நழுவுகிறது, பட்டை நிமிர்கிறது, டயர் மீண்டும் பற்றுகிறது. நொடிக்குப் பலமுறை நிகழும் இவ்வதிர்ச்சி, எஞ்சினின் விசையைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்லும் தண்டின் இணைப்பையே முறித்துவிடக்கூடும்.

மணல்மூட்டை ஏற்றுவது பலரறிந்த வழி. அதை அச்சுக்கு நேர்மேலே வைத்து இறுகக் கட்டவேண்டும். இல்லாவிடில் பிரேக் பிடிக்கையில் மூட்டை முன்னோக்கிப் பாயும். மூட்டை பிடிப்பைக் கூட்டுமேயன்றி முறுக்கத்தைத் தடுக்காது. அதற்கெனப் பட்டையின் அடியில், அச்சிலிருந்து முன்னோக்கி ஓர் இரும்புச் சட்டம் பொருத்துவர். அதன் முனையிலுள்ள ரப்பர், பட்டையின் முன்முனையில் முட்டி வளைவைத் தடுக்கும். ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை அச்சுக்கு முன்னும் மற்றொன்றைப் பின்னும் சாய்த்து வைப்பதும் உண்டு. 1973-இல் வெளிவந்த செவ்ரலே பிக்கப்புகளில் இவ்வமைப்பைக் காணலாம். எனினும் எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பரை மாற்றுவதே முதல் வேலை என்போம். துள்ளல் தொடங்கிவிட்டால், உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடவேண்டும்.