உப்பளத்தில் உழைக்கும் உடம்புக்கும் மாரடைப்பு வரும்

“அது ஆம்பிளைகளுக்கு வார வருத்தம்.” கற்பிட்டியிலும் புத்தளத்திலும் உடப்பிலும் சிலாபத்திலும் மாரடைப்பைப் பற்றிப் பேசினால் பெண்கள் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். கணவனின் பிரஷர் குளிசையை மறக்காமல் எடுத்துக் கொடுப்பவர்கள், தங்கள் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றி எத்தனை வருடமாகிறது என்று யோசிப்பதில்லை.

இலங்கையும் பங்கெடுத்த 52 நாடுகளின் இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளியானது. ஆண்களை விடச் சராசரியாக 9 வருடம் பிந்தித்தான் பெண்களுக்கு முதல் மாரடைப்பு வருகிறது என்று அது கண்டது. பிந்தி வருகிறதே தவிர, வராமல் இருப்பதில்லை. மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் ஓரளவு காவல் இருக்கிறது, அதன் பிறகு அந்தக் காவல் குறைகிறது. அதே ஆய்வின்படி, சீனி வருத்தமும் உயர் இரத்த அழுத்தமும் ஆணின் இருதயத்துக்குச் செய்யும் கேட்டை விடப் பெண்ணின் இருதயத்துக்கு அதிகம் செய்கின்றன.

பிள்ளைப்பேற்றோடு முடிந்துபோனதாக நாம் நினைக்கும் ஒரு விஷயமும் இதில் உண்டு. கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் போன பெண்ணுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கர்ப்பத்தில் மட்டும் சீனி ஏறியவர்களுக்கும் ஆபத்து கூடுதல். பிள்ளைக்கு இருபது வயதான பிறகும் இதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அவராகக் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

“வாயுதான், இஞ்சி போட்டு பிளேன்டீ குடிச்சா இறங்கிரும்.” என் கணிப்பில், இந்தக் கரையில் பெண்களின் உயிரை எடுக்கும் நம்பிக்கைகளில் முதலிடம் இதற்குத்தான். மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சு நோவுதான் மிகப் பொதுவான அறிகுறி. ஆனால் அதோடு, சில வேளை அது இல்லாமலே, மூச்சு வாங்குதல், தாடையிலும் முதுகிலும் தோளிலும் நோவு, குமட்டல், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத பெருங்களைப்பு எல்லாம் வரலாம். இவற்றை கேஸ்ட்ரைட்டிஸ் என்று எண்ணி ஓமத் தண்ணீரும் மாத்திரையும் குடித்துக்கொண்டு, கடலுக்குப் போனவர் கரைக்கு வரட்டும், பிள்ளை ஸ்கூல் விட்டு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். அடைபட்ட இரத்தக்குழாய்க்குப் பின்னால் இருக்கும் இருதயத் தசை அந்த நேரம் முழுக்கச் செத்துக்கொண்டிருக்கிறது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் சில மணித்தியாலங்களில்தான் நன்றாக வேலை செய்யும். கற்பிட்டி முனையிலிருந்து புத்தளம் நகரத்துக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டியவர்களுக்கு, வீட்டில் கழியும் ஒரு மணித்தியாலமும் பெரிய இழப்பு. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், நாடு முழுக்க ஓடுகிறது. யாரிடமும் அனுமதி கேட்காமல் அழையுங்கள். வைத்தியசாலையில் பரிசோதித்து வாயுதான் என்று தெரிந்தால் நிம்மதியாகத் திரும்பி வரலாம்.

அடுத்த நம்பிக்கையைச் சற்று நின்று பேச வேண்டும். “நாள் முழுக்க வேலைதானே செய்றோம், இன்னும் என்ன எக்சர்சைஸ்?”

கேட்பவர்களின் கோபம் நியாயமானது. பாலாவி உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரிச் சுமக்கிறவர்கள், வாடியில் மீன் கீறிக் கருவாடு போடுகிறவர்கள், தண்ணீர்க் குடத்தோடு நடக்கிறவர்கள் கேட்கும் கேள்வி இது. ஆனால் வேலையும் உடற்பயிற்சியும் இருதயத்துக்கு ஒன்றல்ல. டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைச் சுமார் 10 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2021இல் வந்தது. ஓய்வு நேரத்தில் விரும்பி உடலை அசைத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்திருந்தன. தொழிலில் கடுமையாக உடலை வருத்தியவர்களுக்கோ கூடியிருந்தன. ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் நம் ஊருக்கும் பொருந்துகிறது. எட்டு மணித்தியாலம் குனிந்து நிமிரும்போது இருதயத் துடிப்பும் பிரஷரும் நாள் முழுக்க ஏறியே நிற்கின்றன, இடையில் ஓய்வு இல்லை. பயிற்சியில் அரை மணித்தியாலம் ஏறிப் பிறகு இறங்குகிறது, அந்த ஓய்வில்தான் உடம்பு தன்னைச் சீர்செய்கிறது. உப்பளத்துப் பெண் வேலையை விட முடியாது. அவளுக்கு முதலில் கிடைக்க வேண்டியது நிழலும் இடைவேளையும் குடிதண்ணீரும். அதை அவளுடைய தனிப்பட்ட ஒழுக்கப் பிரச்சினையாக்கி அறிவுரை சொல்வது அநியாயம்.

வீட்டு வேலை மட்டும் பார்க்கிறவர்களின் நிலை வேறு. காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருந்தாலும் தொடைத் தசையும் முதுகுத் தசையும் வலுவாவதற்கு வேண்டிய பாரம் அவற்றின் மேல் ஏறுவதில்லை. நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பயன்படுத்தாத தசை வருடாவருடம் கரைகிறது. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சீனியின் பெரும் பங்கை உறிஞ்சுவது தசைதான். அது குறைந்தால் சீனி ஏறும், பிறகு இருதயம்.

4 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் தரவுகளைக் கொண்டு 2024இல் வெளியான ஆய்வில், தசை வலுப்பயிற்சி செய்த பெண்களிடையே இருதய நோய் மரணம் 30 சதவீதம் குறைவாக இருந்தது. ஆண்களில் 11 சதவீதம்தான். இது அவதானிப்பு ஆய்வு என்பதால் முழுப் பலனும் பயிற்சியால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்தப் பயிற்சியைச் செய்த பெண்கள் ஐந்தில் ஒருவர் மட்டுமே என்பது என்னை யோசிக்க வைக்கிறது.

இதற்கு ஜிம் வேண்டாம், வெளியே போக வேண்டியதும் இல்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணுக்குத் தெரியாத கதிரையில் இருப்பதுபோல் முழங்காலை மடக்கி நில்லுங்கள். 270 பரிசோதனைகளைத் தொகுத்த 2023ஆம் ஆண்டு ஆய்வில், இப்படி அசையாமல் தாங்கும் பயிற்சிகள்தான் பிரஷரை அதிகம் இறக்கின. மேல் அளவு சராசரியாக 8 புள்ளி குறைந்தது. வழமையான முறை 2 நிமிடம் வீதம் 4 தடவை, இடையில் ஓய்வு, வாரத்தில் 3 நாள். தொடக்கத்தில் அரை நிமிடம் போதும். கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து உட்காருதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தூக்குதல் என்று சேர்த்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சியும் 150 நிமிட வேக நடையும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கூடாது, பிரஷர் திடீரென ஏறும். ஏற்கெனவே இருதய வருத்தமோ கட்டுப்படாத பிரஷரோ இருப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

பாரம் தூக்கினால் பெண் உடம்பு ஆண் உடம்பாகிவிடும் என்பது வெறும் பயம். அதற்கு வேண்டிய அளவு டெஸ்டோஸ்டிரோன் பெண் உடம்பில் இல்லை.

இனிச் சாப்பாடு. “நம்ம உப்பு கடலுப்பு, சுத்தமானது.” கட்டியுப்பானாலும் தூளுப்பானாலும் கடையில் அதிக விலைக்கு வாங்கும் இந்துப்பானாலும் இரத்தக்குழாய்க்குத் தெரிவது சோடியம் மட்டுமே, அது எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. உப்பிட்ட கருவாட்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் உப்பு இருக்கலாம். 50 கிராம் கருவாட்டில் அன்றைய கணக்கு முடிந்துவிடும், அதன் பிறகு சம்பலும் ஊறுகாயும் வேறு. கருவாட்டை ஊறவைத்துத் தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றிக் கழுவினால் உப்பு குறையும். ஆனால் கரைவலையில் ஏறும் சாளையும் கும்பளாவும் பச்சையாகக் கிடைக்கும் ஊரில் கருவாடு தினமும் எதற்கு? ஒமேகா 3 கொழுப்புக்குப் பெரிய விலை மீனைத் தேட வேண்டாம், மலிவான சாளையில் தாராளமாக உண்டு. ஆணம் வைத்துச் சாப்பிடுங்கள், எண்ணெயில் மூழ்கப் பொரிக்காதீர்கள்.

எண்ணெய் என்றதும் தேங்காய் வந்துவிடும். லுணுவிலையில் தெங்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கும் மாவட்டம் இது, தேங்காய் இல்லாமல் இங்கே அடுப்பு எரியாது. அதை விடச் சொல்ல எனக்கு மனமில்லை, சொல்லவும் தேவையில்லை. ஆனால் “தேங்காய் எண்ணெய் இருதயத்துக்கு மருந்து” என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது உண்மையல்ல. அதன் கொழுப்பில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்றது. 16 பரிசோதனைகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டபோது அது கெட்ட கொலஸ்ட்ரோலை டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் கூட்டியது. நல்ல கொலஸ்ட்ரோலும் சற்றுக் கூடியது, ஆனால் அப்படிக் கூடுவதால் மாரடைப்பு குறையும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. சம்பலில் போகும் தேங்காய்ப்பூவில் நார்ச்சத்தாவது இருக்கிறது. பொரியலும் முதல்பால் கறியும் சொதியும் ஒரே நேரச் சாப்பாட்டில் சேரும்போதுதான் அளவு மீறுகிறது. கறியைக் கப்பிப்பாலில் வைத்து, தட்டில் சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் முருங்கையிலைச் சுண்டலையும் பருப்பையும் மீனையும் கூட்டினால் வீட்டில் யாரும் குறை சொல்லப்போவதில்லை. தசை வளர்வதற்கும் அந்தப் புரதம்தான் வேண்டும். கடைசி மீன் துண்டு பிள்ளைக்கு, தனக்கு வெறும் குழம்பு என்று சாப்பிடுவதைத் தாய்மார் நிறுத்த வேண்டும்.

“நான் மெலிவு, எனக்கு ஒண்டுமில்ல” என்பவர்கள் தொப்புள் மட்டத்தில் நூலைச் சுற்றி அளந்து பாருங்கள். கை கால் மெலிந்தும் வயிறு பருத்தும் இருப்பது நம் பகுதியில் சாதாரணம். ஆசியப் பெண்களுக்கு இடுப்பளவு 80 சென்ரிமீற்றரை எட்டினாலே பரிசோதனை செய்ய வேண்டும். 35 வயதானவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் வெல் வுமன் கிளினிக்கில் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்ப்பார்கள். அரச வைத்தியசாலைகளின் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டரிலும் பார்க்கலாம். எந்த நாள் நடக்கிறது என்று உங்கள் பகுதி குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். போகும்போது பக்கத்து வீட்டுத் தாத்தாவையோ அக்காவையோ கூட்டிப் போங்கள். திரும்பும்போது “நல்லா இருக்கு” என்ற சொல்லோடு மட்டும் வராமல், பிரஷர் எத்தனை, சீனி எத்தனை என்று எண்ணாக எழுதி வாங்கி வாருங்கள்.